மாமாவின் இத்தாலிக்காரர்

மாமா எந்தப் பொருளையும் மேலே பார்த்து வாங்கியதில்லை. ஸ்ட்ரோபெரிப் பெட்டியைக் கடைக்காரரின் கண்ணெதிரிலேயே தலைகீழாகத் திருப்பி, அடியில் நசுங்கிக் கிடக்கும் பழங்களைத் தேடுவார். பால் வாங்கப் போனால் முன்வரிசையில் இருக்கும் போத்தலைத் தொடமாட்டார். தோள்வரை கையை உள்ளே விட்டு, கடைசியில் இருப்பதை இழுத்து எடுப்பார். "முன்னுக்கு வைக்கிறவன் ஏதோ ஒரு காரணத்தோடதான் வைப்பான்" என்பார். கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்கள். அதையும் அவர் சந்தேகப்படுவார்.

என் மனைவியின் தாய்மாமன் அவர். லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து ஓய்வுபெறும்வரை பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஷிப்ட் செய்தவர். வருகிற நோட்டை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகிய கை. எங்கள் கல்யாண அழைப்பிதழைக் கொடுத்தபோது அதையும் மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நான் மருந்துக்கடையில் வேலை செய்பவன், படித்த பார்மசிஸ்ட். அதற்காக எனக்குத் தனி மரியாதை ஒன்றும் கிடைத்துவிடவில்லை. "நீர் குடுக்கிற குளிசையை நீர் போடுவீரோ?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நான் ஆமாம் என்று சொன்னால் நம்பமாட்டார். சிரித்தால் இன்னும் மோசம்.

என்னை அவர் முதன்முதலில் பார்த்தபோது கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி எவடம்?"

"கிள்ளான், மாமா. மலேசியா."

"அது தெரியும். அதுக்கு முதல்?"

"அதுக்கு முன்னாடியும் கிள்ளான்தான்."

"அப்பப்பா?"

"தாத்தாவும் அங்க தோட்டத்துல பிறந்தவருதான். அவரோட அப்பாதான் கப்பல்ல வந்தவராம். எந்த ஊர்லேர்ந்துன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "உவரைப் பிடிக்க ஏலாது பிள்ளை" என்றார். குற்றம் சொல்கிற குரலும் இல்லை, வேடிக்கையும் இல்லை. நூலகத்தில் எந்த அலுமாரியில் வைப்பது என்று தெரியாத புத்தகத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்தக் கேள்வியின் வேலை என்ன என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊரைச் சொன்னால் அடுத்தது குறிச்சி, அதாவது ஊரில் எந்தப் பகுதி. கோயிலுக்குக் கிட்டவோ, வாசிகசாலைக்குக் கிட்டவோ என்று கேட்பார்கள். குறிச்சியைச் சொன்னால் ஒழுங்கை, எந்தச் சந்து என்று. ஒழுங்கையைச் சொல்லிவிட்டால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. லண்டனில் யாரும் சாதி கேட்பதில்லை, அதெல்லாம் ஊரோடு போய்விட்டது என்று எல்லாருமே சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "தம்பி எவடம்?" என்பார்கள். இதில் மாமா மற்றவர்களைவிட மோசம் என்று சொல்லமாட்டேன். கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

குட்மேய்ஸில் அந்தப் பீட்சாக்கடையைக் கண்டுபிடித்தது நாங்கள்தான். சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது பசி தாங்காமல் ஒருநாள் உள்ளே நுழைந்தோம். ஆழமான கறுப்பு இரும்புச் சட்டியில் சுடுகிற டீப் டிஷ் பீட்சா. எனக்கு அதைப்பற்றி ஒளிவுமறைவில்லாத அபிப்பிராயம் உண்டு. கிழக்கு லண்டனில் அதற்கு ஈடு கிடையாது. சோளமா கலந்த சுவர், கடித்தால் முறுக்குப்போல் உடையும். அடியில் சீஸ், நடுவில் காளானும் கீரையும், எல்லாவற்றுக்கும் மேலே நசுக்கிய தக்காளி. தக்காளிப் புளிப்பின் பின்னால் எங்கிருந்தோ ஓர் உறைப்பு வரும், வந்தது தெரியாமல் நிற்கும். குறை இல்லாமலில்லை. சில நாட்களில் நடுப்பகுதி சொதசொதவென்று இருக்கும். சாலட் என்ற பெயரில் வைப்பதை முயல்கூடத் தொடாது. ஆனாலும் நான் அந்தச் சட்டிக்கு அடிமை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாமாவையும் மாமியையும் கூட்டிப்போனது என் யோசனை. மேசையில் சட்டி வந்ததும் மாமா முள்ளுக்கரண்டியைச் சுவரோரமாகச் செருகி, ஒரு துண்டை நெம்பித் தூக்கி, அடியைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாரும் சோஸைக் கீழ பூசி சீஸை மேல போடுவினம். உவன் சீஸைக் கீழ ஒளிச்சு வைச்சு, மேல தக்காளியாலை மூடியிருக்கிறான். மறைக்கிறதுக்கெண்டே செய்த சாப்பாடு உது" என்றார்.

"ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்றார் மாமி.

சாப்பிட்டார். சட்டியில் ஒட்டியிருந்த சீஸைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். அடுத்த சனிக்கிழமை பகல் எங்களுக்கு முன்னால் கடை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சமையலறைக் கதவு தெரிகிற மேசையில், கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். சட்டி வேக முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "மாவைக் குழைக்க எவ்வளவு நேரம், சுட எவ்வளவு நேரம், எனக்குத் தெரியாதே? மிச்ச நேரம் உள்ளுக்கு என்ன நடக்குது?" என்பார். வேறு எந்தக் கடைப் பீட்சாவையும் யாராவது அவர் முன்னால் புகழ்ந்தால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கடையைப் புகழ்ந்தாலும் கோபம் வரும். அதைக் குறைசொல்லும் உரிமையும் நேசிக்கும் உரிமையும் தனக்கு மட்டுமே என்பதுபோல் நடந்துகொண்டார்.

கடைக்காரர் மெலிந்த, கறுத்த மனிதர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எப்போதும் தலையில் வெள்ளைத் தொப்பி, வாயில் இரண்டு மூன்று ஆங்கில வார்த்தைகள். வேலை செய்கிற பையன்கள் அவரை 'பொஸ்' என்பார்கள். சுவரில் ஒலிவ் மரங்கள் நிற்கும் மலைச்சரிவு ஒன்றின் பெரிய படம். அவர் இத்தாலியின் தெற்கே ஏதோ தீவுக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. அவராகச் சொல்லவில்லை, யாராவது சொன்னால் மறுக்கவும் இல்லை.

"சட்டிப் பீட்சா அமெரிக்காக்காரன்ர. இத்தாலிக்காரன் உதைச் செய்ய வெக்கப்படுவான்" என்றார் மாமா. அதுதான் அவருடைய முதல் சந்தேகம்.

இரண்டாவதுக்கு என் மகளின் பள்ளிக்கூடப் பை காரணமானது. ஒருநாள் அது நாற்காலியிலிருந்து சரிந்து, அவளுடைய தமிழ்ப் புத்தகம் தரையில் விழுந்தது. சட்டியோடு வந்த கடைக்காரரின் கால் அதில் பட்டுவிட்டது. அவர் சட்டியை மேசையில் வைத்தார். குனிந்து புத்தகத்தை எடுத்தார். எடுத்த விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, புத்தகத்தை மகளிடம் கொடுத்தார். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். நான் கவனிக்கவே இல்லை. மாமா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

அவர் உள்ளே போனதும் மாமா மேசைமேல் குனிந்தார். "கண்டியளோ? எந்த இத்தாலிக்காரன் புத்தகத்தில கால் பட்டால் தொட்டுக் கண்ணில ஒத்துவான்? உவன் எங்கட ஆள்."

"ஆராயிருந்தால் என்ன? சாப்பாடு சுடச்சுட வருது" என்றார் மாமி.

"எங்கட ஆள் எண்டால் ஏன் ஒளிக்கிறான்?"

அந்தக் கேள்வி மாமாவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் அவர் பொறி வைத்தார். கடைக்காரர் தண்ணீர்க் குவளையோடு எங்களைக் கடந்து போகும்போது, மாமியைப் பார்த்தபடி, நல்ல தமிழில், உரக்கச் சொன்னார்: "அந்தாளின்ர சப்பாத்து நூல் அவிண்டு கிடக்கு. இடறி விழப்போறார்."

கடைக்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்க்கவில்லை. நேரே பார்த்தபடி நடந்து போனார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பொறி பலிக்கவில்லை என்று நினைத்தேன்.

மாமாவின் முகத்தில் வெற்றி. "விளங்காத பாசையில ஒருத்தன் பக்கத்தில நிண்டு கத்தினால் மனிசன் திரும்பிப் பாப்பான். உவன் திரும்பேல்லை. கண்ணைக்கூட அசைக்கேல்லை. பாக்காமல் விட்டான் பாரும், அதிலதான் பிடிபட்டான்."

அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க வீடு வரும்வரை முயன்றேன். முடியவில்லை.

சில நாட்கள் கழித்து அந்தக் கடைக்காரர் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தார். தொப்பியோடுதான் வந்தார். வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து கவுண்டருக்குக் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், சுத்த யாழ்ப்பாணத் தமிழில் பேசினார்.

"தம்பி, உங்கட மாமாவைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

மாமா சொன்னது சரி என்பதைவிட, இந்த மனிதர் என்னை நம்பி வாயைத் திறந்தது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்டதில்லைத்தானே" என்றார்.

அவர் முன்பு வேறொரு பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை வைத்திருந்தாராம். நன்றாகப் போன கடை. ஒரு வீட்டில் பூப்புனித நீராட்டுவிழாவுக்குச் சாப்பாட்டு ஓடர் எடுத்திருக்கிறார். பந்தி தொடங்கும் முன் ஒரு பெரியவர் வந்து அன்பாகத்தான் கேட்டாராம், தம்பி எவடம் என்று. இவர் ஊரைச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் என்று கேட்க, அதையும் சொல்லியிருக்கிறார். ஒருவரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் அன்றைக்குத் திடீரென்று வயிறு சரியில்லை. மூடிய தட்டங்கள் மூடியபடியே அவருடைய வேனில் திரும்ப ஏறின. அதற்குப் பிறகு கடைக்கும் ஆட்கள் குறைந்தார்கள்.

"பிறகு ஒரு அமெரிக்காக்காரன்ர கடையில கோப்பை கழுவினன். உந்தச் சட்டிப் பீட்சா அங்க படிச்சது. நான் கொத்துப் போட்டால் எங்கட சனம் வரும், வந்தால் கேக்கும். உதைப் போட்டாலும் சனம் வரும். ஆனால் கேக்காது. இஞ்ச என்னை ஒருத்தரும் எவடம் எண்டு கேக்கிறேல்லை தம்பி. அதுக்காகத்தான் இந்தக் கடை."

இருமல் மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இருமல் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சின்னதல்ல. என் பாட்டனின் அப்பா கப்பலில் ஏறியபோது எதை விட்டுவிட்டு வந்தார், ஏன் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஊரின் பெயர் தெரியாமல் போனது என்று முதல் தடவையாக யோசித்தேன். அது மறதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாளே மாமாவின் வீட்டுக்குப் போய், சுற்றிவளைக்காமல் சொன்னேன். "அவர் தமிழர்தான் மாமா. நீங்க சரி. ஆனா விட்டுடுங்க. அவர் ஒளிக்கிறதுக்குக் காரணம் நம்ம மாதிரி ஆளுங்கதான்." விருந்துக் கதையையும் சொன்னேன்.

மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். முழுவதையும் கேட்டார். பிறகு, "எவடமாம்?" என்றார்.

"சொல்லல. நானும் கேக்கல."

"ஓம்" என்றார், அவ்வளவுதான். நான் செருப்பை மாட்டும்போது அவர் தொலைபேசியைக் கையில் எடுப்பதைப் பார்த்தேன்.

மாமாவின் விசாரணைகள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். கிழக்கு லண்டனிலேயே, பிளேஸ்டோவில், அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் பேசினாலும் அவரிடம்தான் முதலில் கேட்பார்கள். யார் எந்த ஒழுங்கை என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் இந்த முறை மாமா அவரிடம் கேட்கவில்லை. மாமி பிறகு சொன்னார், ஊருக்கே தொலைபேசி எடுத்துக் கதைத்தாராம், கதவைச் சாத்திக்கொண்டு. என்ன தெரிந்துகொண்டார் என்று மாமியிடமும் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டார் என்பது எனக்கு உறுதி. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். விடை கிடைக்காமல் மாமா எதையும் நிறுத்துகிற ஆள் இல்லை.

சனிக்கிழமைகளில் கடைக்கு வருவதும் நின்றது. ஒருமுறை முழங்கால் வலி. ஒருமுறை சளித் தடிமன். ஒருமுறை சீஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மூடியபடி வேனில் ஏறிய தட்டங்கள் என் நினைவுக்கு வந்தன. அவர்மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. மகளுக்காக நாங்கள் மட்டும் போனோம். கடைக்காரர் சமையலறைக் கதவோரம் வெறுமையாக இருந்த மேசையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் சாலட்டைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நாங்கள் கிளம்பும் நேரத்தில் மாமா எங்கள் வாசலில் நின்றார். முழுக்கோட்டும் மப்ளருமாக.

"வாங்கோ, அந்த இத்தாலிக்காரனிட்டப் போவம்" என்றார்.

இத்தாலிக்காரன் என்ற சொல்லில் அழுத்தம் இருந்தது. அதைச் சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தார். கடையில் வழக்கமான மேசையில் உட்கார்ந்தார், சட்டியின் அடியை நெம்பிப் பார்த்தார், கடைசிச் சீஸ்வரை சுரண்டிச் சாப்பிட்டார். கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். கடைக்காரரும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு, தங்களுக்கு நன்றாக வராத மொழியில் தக்காளியைப் பற்றிப் பேசினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வந்தது நெகிழ்ச்சியா, அருவருப்பா என்று அப்போதும் தெரியவில்லை.

அதன்பின் மாமா அந்தப் பொய்யின் காவல்காரராகிவிட்டார். பிளேஸ்டோக்காரர் ஒருமுறை எங்களோடு சாப்பிட வந்தார். வந்து உட்கார்ந்ததும் கடைக்காரரைக் கூர்ந்து பார்த்தார்.

"அண்ணை, உவர் எங்கட ஆள்மாதிரியெல்லே கிடக்கு?"

"விசர்க் கதை கதையாதை. இத்தாலிக்காரன். நான் அவன்ர பாஸ்போர்ட்டைப் பாத்தனான்."

"நிறத்தைப் பாத்தால்..."

"அங்க தெற்கில எல்லாரும் கறுப்புத்தான். வெய்யில். நீ சாப்பிடு."

உண்மையான பாஸ்போர்ட்டைக் காட்டினால்கூட நம்பாத மனிதர், காணாத பாஸ்போர்ட்டின் மேல் சத்தியம் செய்தார். பிளேஸ்டோக்காரர் வாயை மூடிக்கொண்டார். மாமா சந்தேகப்படாத ஒன்றை வேறு யாரும் சந்தேகப்பட முடியாது. குடும்பத்தில் அவருடைய மதிப்பு அப்படி.

இன்னொரு முறை இணையத்தில் யாரோ அந்தக் கடையைக் கேவலமாக எழுதிவிட்டார்கள். தாமதம், அழுக்கு, கடைக்காரர் பேசமாட்டார், எங்கிருந்து வந்தவரோ தெரியவில்லை என்று. மகள் அதை வாசித்துக் காட்டியபோது மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பதில் எழுதும்படி என்னிடம் சொல்லி, அவரே ஆங்கிலத்தில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். நான் எழுதினேன். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம். சட்டியின் அடியை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், கருகியதில்லை. சமையலறைக் கதவை நான் கவனிக்கிறேன், சுத்தமானது. உரிமையாளர் இத்தாலிக்காரர், மரியாதையானவர். சாலட் வேண்டாம்.

"ஐந்து நட்சத்திரம் போடட்டுமா மாமா?"

"நாலு போடும். அஞ்சு போட்டால் சொந்தக்காரன் எழுதினதெண்டு சந்தேகப்படுவினம்."

இதை வைத்துக்கொண்டு என் மனைவிக்கும் எனக்கும் வருடக்கணக்காகத் தீராத வழக்கு. அவளுக்கு மாமாமேல் சின்ன வயதுப் பாசம். "மாமா அந்தாளைக் காப்பாத்திறார். வாயைத் திறந்தால் என்ன நடக்குமெண்டு அவருக்குத் தெரியும். அதாலதான் பொய் சொல்லுறார். வாழ்க்கையில முதல் பொய்" என்பாள்.

"அவரைக் காப்பாத்துறாரா? இல்ல, தன்னைக் காப்பாத்திக்கிறாரா?" என்பேன் நான். "இத்தாலிக்காரர்ன்னு சொன்னாத்தான் அவர் கையால உங்க மாமா சாப்பிட முடியும். அந்தச் சட்டியை விடவும் முடியல, இதை விடவும் முடியல. அதான் ஆளை மாத்திட்டாரு."

"உங்களுக்கு மாமான்ர சந்தேக வருத்தம் தொத்தியிட்டுது. எதையும் புரட்டிப் பாக்கிறியள்."

அவள் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் என்னிடம் சாட்சி இருந்தது. மாமாவின் எழுபதாவது பிறந்தநாளை வீட்டில் கொண்டாடியபோது, கடைக்காரரையும் அழைக்கலாமே என்று நான் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். வாராவாரம் பார்க்கிற மனிதர், ஒரு நேரச் சாப்பாடு. மாமா சற்று நேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தாலிக்காரருக்கு எங்கட சாப்பாடு உறைக்கும்" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். என் மனைவி அன்று இரவு அதைப் பற்றிப் பேச மறுத்தாள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்தேன். ஆனால் பார்ட்டி முடிந்து இரண்டாம் நாள் கடைக்குப் போனபோது, கடைக்காரர் மேசைக்கு வந்து, கேக் நன்றாயிருந்தது என்று மாமாவுக்கு நன்றி சொன்னார். மாமாவே பஸ் ஏறிப் போய் ஒரு பெரிய துண்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் சொல்லாமல். வீட்டுக்குள் வரவிடாத மனிதருக்கு வீட்டுக் கேக்கைச் சுமந்துகொண்டு போனவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன், மாமா இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது அவருக்கு எப்படி இருக்கிறது என்று. மேசையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "அவருக்கு என்ர ஊர் தெரியும் தம்பி. தெரிஞ்சும் வந்து சாப்பிடுறார். சிலநேரம் அதை நினைச்சால் கண் கலங்கும். சிலநேரம் சட்டியைத் தூக்கி மூஞ்சையில எறியலாம்போல இருக்கும்."

மாமா போன குளிர்காலத்தில் இறந்தார். இதயம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வைத்தியர்களைப் படாதபாடு படுத்தினார். மருந்து ஏற்றும் பையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னார். பிறகு அதையும் கேட்காமல் விட்டபோது எங்களுக்கு விளங்கிவிட்டது. அவர் இல்லாத வீடு எனக்கு இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே அவரை நேசித்திருக்கிறேன்போல.

கனடாவிலிருந்து மாமாவின் மகன் வந்தபின் மண்டபத்தில் கிரியை வைத்தோம். பெட்டி திறந்திருந்தது. ஐயர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, "வாய்க்கரிசி போடுறவை வரலாம்" என்றார். மாமி, மகன், மருமகள், என் மனைவி, நான் என்று வரிசையாகப் போட்டோம். பிறகு மாமி அரிசித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நின்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது பிளேஸ்டோக்காரரின் பொறுப்பு.

அப்போது வரிசையில் கடைக்காரரைப் பார்த்தேன். கறுப்புக் கோட். தலையில் தொப்பி இல்லை, அவருடைய நரைத்த முடியை அன்றுதான் பார்க்கிறேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். தன் முறை வந்ததும் மாமியின் கையிலிருந்த தட்டிலிருந்து வலது கையால் அரிசியை அள்ளினார்.

பிளேஸ்டோக்காரர் குறுக்கே வந்தார். மரியாதையாக, ஆங்கிலத்தில், இது குடும்பத்தார் மட்டும் செய்வது, மன்னிக்க வேண்டும் என்றார்.

கடைக்காரர் அரிசிக் கையை மூடினார். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால் அவர் இத்தாலிக்காரராகவே போயிருக்கலாம். அவருடைய கடையில் யாரும் எதையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"இவ்வளவு காலமும் இவருக்குச் சாப்பாடு குடுத்தவன் நான்தான்" என்றார் தமிழில். "இண்டைக்கு மட்டும் ஏலாதோ?"

பிளேஸ்டோக்காரர் மாமியைப் பார்த்தார். மாமி, "விடுங்கோ, போடட்டும்" என்றார். கடைக்காரர் குனிந்து அரிசியை மாமாவின் உதட்டருகே விட்டார். சில மணிகள் உதட்டிலேயே தங்கின. அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகராமல் அங்கேயே நின்றார்.

பிளேஸ்டோக்காரருக்கு அடக்க முடியவில்லை. சாவீட்டுக் குரலில், அன்பாகத்தான் கேட்டார்.

"நீங்கள் எவடம்?"

கடைக்காரர் ஊரின் பெயரைச் சொன்னார். குறிச்சியைச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, ஒழுங்கையையும் சொன்னார்.

எல்லாருக்கும் விளங்கியது. விளங்காதவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான், முகங்களைப் பார்த்து நானும் விளங்கிக்கொண்டேன்.

வரிசையில் இனி மிச்சம் இருந்தவர் பிளேஸ்டோக்காரர் மட்டுமே. கடைக்காரரின் கை பட்ட அரிசித் தட்டை மாமி அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்.